குவேக்கின் இருட்டும் லயத்து வெளிச்சமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நான் வளர்ந்த வீட்டின் தகரக் கூரையில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது. மழை நாளில் அதன் கீழே பால் மங்கு ஒன்றை வைப்போம். வெயில் நாளில் அதே ஓட்டை வழியாக, ஐந்து காசு அளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு சிமெண்டுத் தரையில் விழும். அது அம்மிக்கல்லை நெருங்கினால் சோறு வடிக்கும் நேரம் என்று அம்மாவுக்குக் கணக்கு. அந்தப் பொட்டு விழுந்த இடம் மட்டும் வெளிச்சமாகாது. பக்கத்தில் இருக்கும் அரிசி டின்னின் வயிறு, சுவரின் கீழ்ப்பகுதி, சுருட்டி வைத்த பாயின் ஓரம் எல்லாம் லேசாகத் தெரியத் தொடங்கும். வெளியே இன்னொரு காட்சி. முற்றத்துச் செம்மண்ணில் பட்ட வெயில் எதிரே இருக்கும் சுண்ணாம்புச் சுவரில் ஏறும். முழங்கால் உயரம் வரை அந்த வெள்ளைச் சுவர் இளஞ்சிவப்பாக இருக்கும்.

பட்ட இடத்தில் நின்றுவிடாமல், அங்கிருந்து நிறத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவது ஒளியின் குணம். கணினி விளையாட்டுகளில் ரே டிரேசிங் என்று இன்று பேசப்படுவதெல்லாம் இந்தக் குணத்தை ஒழுங்காகக் கணக்குப் போடும் முயற்சிதான்.

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். படிவம் நான்கு படிக்கிறான். என் கணினியில் குவேக் 2 என்ற பழைய சுடும் விளையாட்டின் இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று 2019 ஜூனில் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா, ரே டிரேசிங்கோடு வெளியிட்ட குவேக் 2 ஆர்டிஎக்ஸ். மற்றது 2023 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டூடியோஸ் செய்து கொடுத்த ரீமாஸ்டர், அதாவது பழையதைத் துலக்கிப் புதுப்பித்த வடிவம். இரண்டையும் மாற்றி மாற்றி விளையாடியவன் இரண்டாம் நாள் இரவு கேட்டான்: "மாமா, ரெண்டும் ஒரே கேம்தானே? அப்புறம் ஏன் ஒன்னுல பயமா இருக்கு, இன்னொன்னுல சுடுறத விட்டுட்டுச் சுத்திப் பாத்துக்கிட்டே நிக்கிறேன்?"

நல்ல கேள்வி. எது அழகு என்று கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். அவன் கேட்டதற்குப் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1993 டிசம்பரில் குவேக்கைச் செய்த அதே ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் விளையாட்டில், உண்மையில் ஒளி தரும் விளக்கு என்று ஒரு பொருளே கிடையாது. இடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். தரை, கூரை, சுவர், அங்கே நிற்கும் அரக்கன் எல்லாவற்றுக்கும் அதே எண். தூரம் போகப் போகக் கொஞ்சம் இருட்டும், அவ்வளவுதான். தூண் ஒன்றுக்கு நிழல் வேண்டுமா? நிழலின் வடிவத்திலேயே தரையை வெட்டி, அந்தத் துண்டுக்கு மட்டும் சின்ன எண்ணைக் கொடுக்க வேண்டும். நிழல்கூட அங்கே தச்சுவேலைதான்.

1996 ஜூனில் குவேக் வந்தபோது இது மாறியது. லெவல் (விளையாட்டின் ஒரு கட்டம் நடக்கும் இடம்) செய்பவர் அதில் ஆங்காங்கே விளக்குப் புள்ளிகளை வைப்பார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. எதுவும் எழுதாமல் விட்டால் 300. பிறகு ஒரு தனி நிரல் ஓடும். சுவரில் இந்த இடத்துக்கு அந்த விளக்கு தெரிகிறதா, நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்து, வெளிச்ச அளவைச் சேமித்து வைக்கும். இந்தச் சேமிப்புக்கு லைட்மேப் என்று பெயர். சுவர்ப்படத்தில் 16 புள்ளிகளுக்கு ஒரு முறைதான் அளவு எடுக்கப்படும். அதனால்தான் குவேக்கின் நிழல்கள் ஓரம் கரைந்து, தண்ணீர் ஊறிய காகிதம் மாதிரி இருக்கும். நாம் விளையாடும் நேரத்தில் கணினி அந்த விளக்குகளைப் பார்ப்பதில்லை. எப்போதோ போட்டு வைத்த கணக்கைச் சுவர்ப்படத்தோடு சேர்த்துக் காட்டுகிறது.

அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. விளக்கிலிருந்து நேராக வரும் ஒளியை மட்டும்தான் அது அறியும். பட்டுத் திரும்பும் ஒளி அதற்குத் தெரியாது. விடியுமுன் அப்பா நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டக் கிளம்புவார். வாசலிலிருந்து பார்த்தால் விளக்கு திரும்பும் பக்கம் மரத்தின் முன்புறம் பளிச்சென்று தெரியும். அதற்குப் பின்னால் கன்னங்கரேல். குவேக்கின் வெளிச்சம் ஏறத்தாழ அப்படித்தான். விளக்கு எட்டாத மூலை முழு இருட்டாகிவிடும். அதை ஈடுகட்ட, லெவல் செய்தவர்கள் அந்தரத்தில் விளக்குகளை வைத்தார்கள். பல்பு இல்லை, தீப்பந்தம் இல்லை, சன்னல் இல்லை, ஆனாலும் அங்கே வெளிச்சம் இருக்கும்.

இந்த அந்தர விளக்குகளை நான் மிகவும் மதிக்கிறேன். அவை வேலைக்காக வைக்கப்பட்டவை. கதவு இருக்கும் பக்கம் ஒரு மங்கல் வெளிச்சம், கண் தானாக அங்கே போகும். தோட்டாப் பெட்டியின் மேல் கொஞ்சம், கை அங்கே போகும். நடுவில் ஓர் இடத்தை வேண்டுமென்றே இருட்டில் விட்டிருப்பார்கள், அங்கே ஏதோ காத்துக்கொண்டிருக்கும். அம்புக்குறியோ குரலோ இல்லாமல், வெளிச்சத்தை வைத்தே நம்மை நடத்திக்கொண்டு போனார்கள்.

1997 டிசம்பரில் வந்த குவேக் 2 அந்தக் குறையைத் தீர்த்தது. பரப்புகளுக்கிடையே வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் முறையிலிருந்து பிறந்த ரேடியோசிட்டி என்ற வழியை, 1984-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் கணினிப் படங்களுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். குவேக் 2-இன் லைட்மேப் கணக்கு அந்த வழியில் போனது. சுவரில் பட்ட ஒளி திரும்பி எதிர்ச் சுவருக்கும் போகும். அதைவிட முக்கியம், விளக்கு என்பது வெறும் புள்ளியாக மட்டும் இருக்கவில்லை. கூரையில் பதித்த விளக்குப் பலகையின் படத்துக்கே 'இது ஒளி தரும், இவ்வளவு தரும்' என்று குறிப்பு எழுதி வைத்தார்கள். இந்தச் சின்னக் குறிப்பு 22 ஆண்டு கழித்துப் பெரிய உதவி செய்யப்போகிறது.

அந்த விளையாட்டை நான் முதலில் பார்த்தது பட்டணத்தில், மாடியில் இருந்த ஒரு கணினிக் கடையில். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் குவேக் 2-இன் வெளிச்சத்துக்கு நிறம் இருக்காது, கூடக் குறைய மட்டும் தெரியும். சில மாதம் கழித்து வூடூ என்ற கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரே ஒரு கணினி அந்தக் கடைக்கு வந்தது. விளையாட்டு நடக்கும் ஸ்ட்ரோகோஸ் கிரகத்தின் ஆரஞ்சு வெளிச்சம் தரையில் கிடந்ததைப் பார்த்ததும், மாலையில் எங்கள் முற்றம்தான் ஞாபகம் வந்தது.

சரி, ரே டிரேசிங்குக்கு வருவோம். உலகத்தில் ஒளி விளக்கிலிருந்து கிளம்பிக் கண்ணுக்கு வருகிறது. கணினியில் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை உள்ளே அனுப்பி, அது எதில் மோதுகிறது, அங்கிருந்து எங்கே திரும்புகிறது, கடைசியில் எந்த விளக்கைப் போய்ச் சேர்கிறது என்று தடம் பிடிக்கிறார்கள். விளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களில் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு வருவதே இல்லை. வராத கதிருக்கு எதற்கு வீண் கணக்கு? 1980-இல் டர்னர் விட்டெட் இந்த வழியில் கண்ணாடிப் பந்துகளை வரைந்து காட்டினார். ஒரே ஒரு படத்துக்கு 74 நிமிடம் ஆனது. 1986-இல் ஜேம்ஸ் கஜியா, எல்லாத் திசையிலும் சிதறும் ஒளிக்கும் சேர்த்து ஒரே சமன்பாட்டை எழுதினார். கதிர்களைக் குருட்டாம்போக்கில் சிதறவிட்டு அந்தச் சமன்பாட்டுக்கு விடை தேடும் வழிக்குப் பாத் டிரேசிங் என்று பெயர். செம்மண் வெள்ளைச் சுவரைச் சிவப்பாக்குவதும் ஆணி ஓட்டைப் பொட்டு அரிசி டின்னைக் காட்டுவதும் அதில் தானாகவே வந்துவிடும்.

ஆனால் கணக்கு மலையளவு. 1920-க்கு 1080 என்ற சாதாரணத் திரையிலேயே 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் நொடிக்கு 12 கோடிக்கு மேல் தொடக்கக் கதிர்கள். ஒவ்வொன்றும் மோதித் திரும்பும்போது மறுபடி கதிர்கள். 2004-இல் ஜெர்மனியில் டேனியல் போல் என்ற மாணவர் குவேக் 3-ஐ ரே டிரேசிங்கில் ஓட்டிக் காட்டியபோது பல கணினிகளை ஒன்றாகப் பிணைக்க வேண்டியிருந்தது. 2018-இல்தான் இந்த வேலைக்கென்றே தனிச் சுற்றுகள் வைத்த ஆர்டிஎக்ஸ் கார்டுகள் கடைக்கு வந்தன. 2019 தொடக்கத்தில் கிறிஸ்டோஃப் ஷீட் என்ற ஆய்வாளர் குவேக் 2-ஐ முழுக்க முழுக்கப் பாத் டிரேசிங்கில் ஓட்டும் ஒரு வடிவத்தை வெளியிட்டார். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வடிவம் அதன் மேல் கட்டப்பட்டதுதான்.

ஏன் குவேக் 2? அதன் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் 2001-லேயே எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது, அது ஒன்று. உருவங்கள் எளிமையானவை, கதிர் மோதுவதைக் கணக்கிடச் சுலபம், அது இரண்டு. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எது விளக்கு என்ற குறிப்பு அந்த வரைபடத்திலேயே இருந்தது. கதிர் கடைசியில் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே. டூமில் அப்படி ஓர் இடம் இல்லை, அறைக்கு ஓர் எண்தான் இருக்கிறது. முதல் குவேக்கில் பாதி வெளிச்சம் அந்தரத்தில் தொங்குகிறது. குவேக் 2-இல் கூரைப் பலகைகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன.

விளைவு பிரமாதம்தான், அதை மனதாரச் சொல்கிறேன். பிளாஸ்டர் துப்பாக்கியால் இருட்டு நடைபாதைக்குள் ஒரு குண்டு விட்டால் அந்த மஞ்சள் ஒளி ஓடும் வழியெல்லாம் குழாய்களின் நிழல் சுவரில் சுழன்று போகும். பழைய வடிவத்திலும் குண்டுக்கு ஒளி உண்டு, ஆனால் நடுவில் சுவர் இருக்கிறதா என்று அது பார்க்காது, அடுத்த அறையிலும் தெரியும். ஆர்டிஎக்ஸில் வெயிலின் நேரத்தை மாற்றலாம். காலையாக்கினால் சன்னல் வழியாக வரும் சாய்ந்த வெயில் தரையில் பட்டு முழு அறையையும் நிரப்புகிறது. அக்கா மகன் சுடுவதை விட்டுவிட்டு நின்றது இங்கேதான்.

அவன் பயம் போனதற்கும் இதுவே காரணம். 1997-இல் அந்த அறையை அமைத்தவர் ஒரு மூலையை எவ்வளவு இருட்டாக விட வேண்டும் என்று லைட்மேப்பைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்திருந்தார். இப்போது வெயில் உள்ளே வந்து, பட்டுத் திரும்பி, அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. இயற்பியல் சொல்வது சரிதான். அங்கே எதிரியை ஒளித்து வைத்தவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு சிக்கல், பொருளின் தன்மை. ஒளி ஓரிடத்தில் பட்டால் எப்படித் திரும்பும் என்பது அது இரும்பா, ஈரச் சிமெண்டா, துணியா என்பதைப் பொறுத்தது. அம்மன் கோயில் குத்துவிளக்கின் பித்தளையில் சுடர் தெரியும், பக்கத்துச் சுவரில் தெரியாது. டெக்ஸ்சர் என்ற பழைய சுவர்ப்படங்களில் இந்தத் தகவல் எதுவும் இல்லை. இருப்பது ஓவியம் மட்டும். ஆணிக்குக் கீழே நிழலையும், இரும்பின் விளிம்பில் பளபளப்பையும் ஓவியரே வரைந்து வைத்திருப்பார். அதன் மேல் உண்மையான ஒளியைப் பாய்ச்சினால், வரைந்த நிழல் ஒரு பக்கம் விழ, கணக்கிட்ட நிழல் மறுபக்கம் விழும். அதனால் ரே டிரேசிங் செய்பவர்கள் டெக்ஸ்சர்களைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த போர்ட்டல் ஆர்டிஎக்ஸிலும், 2025 மார்ச்சில் முன்னோட்டம் வந்த ஹாஃப்-லைஃப் 2 ஆர்டிஎக்ஸிலும் அப்படித்தான் பொருள்களை மறுபடி உருவாக்கினார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய விளையாட்டு புதிதாகிவிடும் என்பது விளம்பரத்துக்குச் சரி, வேலைக்குச் சரி வராது.

அப்புறம் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கில் கதிர் விட நேரம் கிடையாது, ஒன்றிரண்டுதான் விட முடியும். அப்படியே காட்டினால் ஆன்டெனா கழன்ற தொலைக்காட்சி மாதிரி இருக்கும். பக்கத்துப் புள்ளிகளிடமிருந்தும், முந்தைய படங்களிடமிருந்தும் கடன் வாங்கி அதைத் துடைக்கும் வேலையை டீனாய்சர் செய்கிறது. முந்தைய படத்திலிருந்து வாங்குவதால், விளக்கு பட்டென்று அணைந்தாலும் வெளிச்சம் ஒரு நொடித்துண்டு தயங்கித்தான் போகும். நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. ஓடிக்கொண்டே சுடுபவர் கண்ணுக்குத் தெரியும்.

ரீமாஸ்டர் வேறு வழி. நைட்டைவ் 2021 ஆகஸ்டில் முதல் குவேக்கையும், 2023 ஆகஸ்டில் குவேக் 2-ஐயும் விளையாட்டை ஓட்டும் தங்கள் அடிப்படை நிரலான கெக்ஸ் என்ஜினில் கொண்டுவந்தார்கள். 4கே தெளிவு, நன்றாகச் செய்த உருவங்கள், நிற வெளிச்சம், நகரும் விளக்குக்கு நிழல் என்று சேர்த்தார்கள். ஒளியின் இலக்கணத்தை மட்டும் மாற்றவில்லை. லைட்மேப் லைட்மேப்பாகவே இருக்கிறது. 1997-இல் இருட்டாக இருந்த மூலை இன்னும் இருட்டுதான். பயமும் அங்கேயே இருக்கிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த கை அது.

ரீமாஸ்டர் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 2001-இல் வந்த ஹேலோ என்ற சுடும் விளையாட்டுக்கு 2011 நவம்பரில் ஆண்டு நிறைவு வடிவம் வெளியிட்டார்கள். விளையாடும்போதே ஒரு பொத்தானில் பழைய காட்சிக்கும் புதிய காட்சிக்கும் மாறலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வசதியை நான் கண்டதில்லை. சதுப்பு நிலத்தில் நடக்கும் அந்த ஒரு லெவலில் மட்டும் பொத்தானைத் தட்டித் தட்டிப் பாருங்கள். பழையதில் மூடுபனி, தூரத்து மரம் வெறும் கறுப்புக் கோடு, உள்ளே போகவே கால் கூசும். புதியதில் செடிகொடிகள், நிறம், எல்லாம் தெளிவு. என் பார்வையில் அந்த லெவலின் உயிர் புதிய வடிவத்தில் இல்லை. அங்கே பாத் டிரேசிங் எதுவும் இல்லை, மனிதக் கைதான் அதைச் செய்தது.

ஆகவே எந்தத் தொழில்நுட்பம் என்பதைவிட, பழைய வெளிச்சம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று செய்பவர் படித்துப் பார்த்தாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். பாத் டிரேசிங்கிலும் அது முடியும். சூரியனைத் தாழ்த்தலாம், பலகைகளின் அளவைக் குறைக்கலாம், ஒரு விளக்கை அணைக்கலாம். சினிமாவில் ஒளிப்பதிவாளர் செய்வதும் அதுதானே, இயற்பியல் அவருக்கும் ஒன்றுதான். ஒரு லெவலுக்கு மறுபடி ஒளி அமைக்க ஆளும் நாளும் வேண்டும், அந்தச் செலவைத்தான் பல இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

செலவு என்றதும் எங்கள் ஊர்க் கணக்கும் உண்டு. குவேக் 2 ஆர்டிஎக்ஸுக்குக் குறைந்தது ஆர்டிஎக்ஸ் 2060 கார்டு வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். 2020 டிசம்பரில் பொதுவான வல்கன் முறைக்கு மாறிய பிறகு வேறு நிறுவனத்தின் கார்டிலும் ஓடுகிறது, ஆனாலும் ரே டிரேசிங் தெரிந்த கார்டாக இருக்க வேண்டும். முதல் மூன்று லெவல்கள் இலவசம். ரீமாஸ்டரோ நின்டெண்டோ ஸ்விட்சில்கூட ஓடுகிறது. கணினியில் பழைய குவேக் 2-ஐ வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது கூடுதல் காசில்லாமல் கிடைத்தது. இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது பிள்ளைகளின் பள்ளிப்பாடத்துக்கு வாங்கிய மடிக்கணினி. அவர்கள் தயங்காமல் ரீமாஸ்டரை எடுக்கலாம், குறைந்த பங்கு கிடைத்ததாக நினைக்க வேண்டாம். நல்ல கார்டு வைத்திருப்பவர்கள் ரீமாஸ்டரை முதலில் முடித்துவிட்டு, அதே அறைகளுக்கு ஆர்டிஎக்ஸில் திரும்பிப் போங்கள். எங்கே பயந்தோம், அங்கே உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வந்திருக்க வேண்டும் என்று பார்ப்பது தனி அனுபவம்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் சொன்ன மறுநாள் டிரெஞ்ச்புரூம் என்ற இலவச லெவல் கருவியை இறக்கிக் கொடுத்தேன். குவேக்குக்கு இன்று கிடைக்கும் இலவச ஒளிக் கணக்கு நிரல்களில், 1996-இல் இல்லாத திரும்பும் ஒளியையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் எங்கள் பழைய லயத்து வீட்டைக் கட்டத் தொடங்கினான். இரண்டு அறை, குசினி, முன்னால் செம்மண். திரும்பும் ஒளி இல்லாமல் முதலில் ஓட்டியபோது சுவர் வெறும் வெள்ளையாக, உயிரில்லாமல் நின்றது. அதைச் சேர்த்து மறுபடி ஓட்டினான். சுவரின் கீழே இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. அக்கா பின்னால் வந்து நின்று, "முழங்கால் உயரத்துக்கு இருக்கணும், இது இடுப்பு வரைக்கும் போகுது" என்றார். மண்ணின் நிறத்தைக் குறைத்தான்.

அடுத்து கூரையில் ஆணி ஓட்டை போட வேண்டும். அது அடுப்புக்கு நேர் மேலேயா, இல்லை அரிசி டின் பக்கமா என்று எனக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்ததும் கேட்க வேண்டும்.